கோபத்தோடு கோயிலுக்குப் போகலாமா? (கடிதம்)

அண்ணாச்சிக்கு ஸ்தோத்திரம்.

எனக்குத் தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். பெயர் போட வேண்டாம். 2021 மே மாதம் என் வீட்டுக்காரர் கொரோனாவில் போய்விட்டார். எனக்கு அப்போது 44 வயது. முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்க விடவில்லை. எங்கள் சபைக் கோயில் பூட்டியிருந்தது. கல்லறை வாசலில் நின்றபடியே போதகர் ஐயர் ஜெபம் பண்ணி முடித்தார். இறப்புச் சான்றிதழில் நிமோனியா என்று எழுதிவிட்டார்கள், அதனால் அரசாங்கம் கொடுத்த 50,000 ரூபாய்க்கு ரொம்ப அலைந்தேன். கோயிலில் உள்ள பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்கா ஒருவர் ஒவ்வொரு தடவையும் கூட வந்தார். மற்றவர்கள் 'தேவ சித்தம்' என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இப்போது மறுபடி கோயிலுக்குப் போகிறேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால் நெஞ்சு லேசாகிறது. ஆனால் கர்த்தர்மேல் உள்ள கோபம் போகவில்லை. கோபம் இருந்தால் விசுவாசம் இல்லை என்கிறாள் நாத்தனார். என் தம்பிக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. 'உன்னை நீயே ஏமாத்திக்கிறே' என்கிறான். யார் சொல்வது சரி? இன்னொன்று, மகள் கிறிஸ்துமஸுக்குக் கலர் சேலை எடுத்து வந்திருக்கிறாள். கட்டலாமா?

ஒரு சகோதரி

அன்புள்ள தங்கைக்கு,

இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. நாத்தனாரை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அவர் வார்த்தைதான் உங்களை அதிகம் அரிக்கிறது என்று தெரிகிறது.

வேதத்தில் வரும் சாறிபாத் ஊர் விதவையின் கதையைச் சின்ன வயசிலேயே கேட்டிருப்பீர்கள். பஞ்ச காலம். அவள் பானையில் ஒரு பிடி மாவும் கலயத்தில் கொஞ்சம் எண்ணெயும்தான் மிச்சம். விறகு பொறுக்கிக்கொண்டிருந்தவளிடம் எலியா தீர்க்கதரிசி அப்பம் கேட்கிறார். அவள் சுட்டுக் கொடுக்கிறாள், மாவு குறையவே இல்லை. பிரசங்கங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் முடிந்து, காணிக்கைப் பை சுற்றி வரும்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அப்புறம் அவளுடைய மகன் நோய்வாய்ப்பட்டுச் செத்துப்போகிறான். அவள் எலியாவைப் பார்த்து, என் பிள்ளையைச் சாகடிக்கவா இங்கே வந்தீர் என்று கேட்கிறாள். சோறு போட்டவள் போட்ட சத்தம் அது. எலியா என்ன செய்தார் பாருங்கள். விசுவாசம் போதாது என்று சொல்லவில்லை. தேவ சித்தம் என்றும் சொல்லவில்லை. பிள்ளையைக் கொடு என்று அவள் மடியிலிருந்து வாங்கி, மாடி அறைக்குத் தூக்கிக்கொண்டு போனார். போய், நான் தங்கியிருக்கிற வீட்டு விதவைக்குமா இந்தத் துக்கத்தைக் கொடுத்தீர் என்று ஆண்டவரிடமே கேட்டார். கீழே அவள் கேட்ட கேள்வியை மேலே தன் கேள்வியாகவே கேட்டுவிட்டார்.

அந்தப் பிள்ளை பிழைத்தது. உங்கள் வீட்டில் அப்படி நடக்கவில்லை. அதனால் கதையின் முடிவை உங்களுக்கு ஆறுதலாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நடுவில் நடந்தது போதும். நாத்தனார் நம்பவில்லை என்றால் 88ஆம் சங்கீதத்தைக் கடைசிவரை வாசிக்கச் சொல்லுங்கள். புலம்பலில் ஆரம்பிக்கும் சங்கீதங்கள் அநேகமாக எங்கேயாவது துதிக்குத் திரும்பிவிடும். இது திரும்பவே இல்லை, இருட்டிலேயே முடிகிறது. இப்படி ஒரு பாட்டை யாரும் வெட்டியெறியாமல் வேதத்துக்குள் வைத்திருக்கிறார்கள் என்றால், உங்கள் கோபத்துக்கும் உள்ளே இடம் இருக்கிறது.

தம்பி விஷயம். உங்கள் வீட்டுக்காரர் செத்துப்போனார் என்பது உங்களுக்குத் தெரியும். அதில் உங்களுக்கு எந்த மயக்கமும் இல்லை, இருந்தால் இவ்வளவு கோபம் வராது. கீர்த்தனை பாடும்போது நெஞ்சு லேசாவது உண்மை. அதற்குத் தம்பி வேறு காரணம் சொல்லலாம், சொல்லட்டும். நானும் ஞாயிறுதோறும் போகிறவன் இல்லை, அவனோடு வாதாட எனக்குத் தகுதி குறைவு.

உங்கள் கடிதத்தில் நான் நின்று வாசித்தது அந்தச் சங்கத்து அக்காவைப் பற்றித்தான். ஆபீஸ் வராண்டாவில் ஜெராக்ஸ் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு, பெயர் கூப்பிடும் வரைக்கும் பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்திருப்பது சின்னக் காரியமா? அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தைப் பாருங்கள். எருசலேம் சபையில், அன்றாடப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசுகிற விதவைகளை விட்டுவிடுகிறார்கள் என்று முறுமுறுப்பு எழுந்தது. 'ஜெபித்துக்கொள்ளுங்கள்' என்று அவர்களை அனுப்பிவிடவில்லை. பந்தி விசாரணைக்கென்று, அதாவது அந்தப் பங்கீட்டைக் கவனிக்க, ஏழு பேரை நியமித்தார்கள். பின்னால் முதல் இரத்தசாட்சியான ஸ்தேவான் அந்த ஏழு பேரில் ஒருவர். ஆக, உங்களுக்கு ஏதாவது தேவை என்றால் சேகரத்தில், அதாவது உங்கள் சபை நிர்வாகத்தில், கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். அப்போஸ்தலன் பவுல் மட்டும் விதவைகள் பட்டியலில் சேர்க்க 60 வயதாகியிருக்க வேண்டும் என்று எழுதிவைத்தார். 44 வயதில் தனியாக நிற்கிறவள் கணக்கை அவர் சரியாகப் போடவில்லை என்பது என் அபிப்பிராயம்.

கடைசி பெஞ்சு பிடித்திருந்தால் உட்காருங்கள். ஆனால் அது விதவைக்கு விதித்த இடம் என்று நினைத்து உட்கார வேண்டாம். பாளையங்கோட்டையில் பாப்பாத்தி கோயில் என்று சொல்கிறோமே, அதைக் கட்டிய குளோரிந்தா ஒரு மராத்தி பிராமண விதவை. ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு கலியாணம் ஆகாமல் வாழ்கிறாள் என்று மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். அந்த அதிகாரியும் இறந்தபின், 1778இல்தான் கொடுத்தார். இரண்டு தடவை துணையை இழந்தவள். 1780இல் எழுதிய சபைப் பட்டியலில் 40 பேர், முதல் பெயர் அவளுடையது. 1785இல் கோயில் எழும்பிவிட்டது. திருநெல்வேலிச் சபை அந்தப் பெயரிலிருந்துதான் ஆரம்பிக்கிறது, இன்றைக்கு நம் விசேஷ வீடுகளில் விதவையைப் பின்னால் நிற்கச் சொல்கிறவர்களுக்கு இது நினைவில் இல்லை.

சேலையைக் கட்டுங்கள். வெள்ளை நம் ஊர் வழக்கம், வேதத்தின் கட்டளை இல்லை. யாராவது ஒரு மாதிரிப் பார்த்தால், மகள் எடுத்துக் கொடுத்தது என்று சொல்லுங்கள். அதற்கு மேல் கேட்கிற தைரியம் உங்கள் நாத்தனாருக்கும் இருக்காது.

அன்புடன்,
அண்ணாச்சி