வெள்ளிப் பதக்கம்: அச்சு வெட்டுபவரிடம் சில கேள்விகள்

பள்ளி நூற்றாண்டு விழாவுக்கு 30 வெள்ளிப் பதக்கம் வேண்டும். நிறுவனர் முகம் நன்றாகப் புடைத்துத் தெரிய வேண்டும். 999 வெள்ளியா (ஆயிரத்தில் 999 பங்கு வெள்ளி), 925-ஆ?

999 எடுங்கள் சார். சுத்த வெள்ளி இளக்கமானது, அச்சின் பள்ளத்துக்குள் நன்றாக ஏறும். 925-இல் செம்பு சேர்வதால் கீறல் தாங்கும், ஆனால் அடிக்க அழுத்தம் கூடுதலாகத் தேவை. எதுவானாலும் ஒரே அடியில் ஆழமான முகம் வராது. அடிபட்ட வெள்ளி இறுகிவிடும். உருகாத அளவுக்குச் சூடுகாட்டி மென்மையாக்கி, அதே அச்சில் பொருத்தி மறுபடி அடிக்க வேண்டும்.

வரைபடத்திலேயே ஒன்றைக் கவனியுங்கள். முகத்துக்கு நேர் பின்னால் பள்ளிக் கட்டடத்தையும் ஆழமாக வைத்தால் இரண்டு பக்கமும் அதே வெள்ளிக்குப் போட்டி போடும். மூக்கு நுனி மழுங்கிப் போகும். அந்த இடத்தில் எழுத்து மட்டும் வையுங்கள். பக்கவாட்டு முகம் இன்னும் நல்லது. நேர்முகத்தில் மூக்குதான் முதலில் தேயும்.

30-க்கு அச்சு வெட்டுவது கட்டுப்படியாகுமா?

30 அடித்தாலும் 300 அடித்தாலும் அச்சுக் கூலி ஒன்றுதான். மெழுகு மாதிரி செய்து, அதன் அச்சில் வெள்ளியை உருக்கி ஊற்றும் மெழுகு வார்ப்பு மலிவாக முடியும், ஆனால் எழுத்தின் ஓரம் அவ்வளவு கூர்மையாக வராது. என்னைக் கேட்டால் அச்சுதான்.

தஞ்சைப் பெரிய கோயில் 1000 ரூபாய் நாணயத்தில் தரை (உருவத்தைச் சுற்றியுள்ள வெற்றுப் பகுதி) கண்ணாடி மாதிரி இருக்கிறதே, எப்படி?

அது 35 கிராம், 44 மி.மீ., 80% வெள்ளி. மதிப்பு பொறித்திருப்பதால் அது நாணயம், பதக்கம் இல்லை தம்பி. நீங்கள் பார்த்தது ப்ரூஃப் வகை. அச்சின் தரைப்பகுதியைக் கண்ணாடி போல மெருகேற்றி, உருவம் வரும் பகுதியை மட்டும் சொரசொரப்பாக்குவார்கள். வெள்ளி வில்லையையும் மெருகேற்றி, ஒரு தடவைக்கு மேல் அடிப்பார்கள்.

புதுச்சேரியில் தாத்தா வைத்திருந்த பிரெஞ்சுப் பதக்கம் கறுத்துவிட்டது. விபூதி போட்டுத் தேய்க்கலாமா?

வேண்டாம் அக்கா, தயவுசெய்து வேண்டாம். பள்ளங்களில் இருக்கும் கறுப்பு வேண்டுமென்றே ஏற்றியதாக இருக்கலாம். கந்தக மருந்தில் கறுக்கவைத்து, மேட்டை மட்டும் துடைத்து எடுப்பது வழக்கம். அந்த நிழலில்தான் முகம் தெரிகிறது. தேய்த்தால் போனதுதான். சோப்புத் தண்ணீரில் அலசி, பஞ்சால் ஒற்றி எடுங்கள். மேலும் கறுக்கும் என்பதால் ரப்பர், கம்பளி பக்கத்தில் வைக்காதீர்கள்.

அப்புறம், விளிம்பைப் பாருங்கள். பாரிஸ் நாணயசாலை 1880 முதல் அங்கே பழம் நிறைந்த கொம்பு முத்திரையும் உலோகத்தின் பெயரும் பொறிக்கிறது. வெள்ளி என்றால் 'ARGENT' (அர்ழான்).

முத்திரையே இல்லாவிட்டால்?

தராசில் தண்ணீர் டம்ளரை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். பதக்கத்தை நூலில் கட்டி, அடி தொடாமல் முக்குங்கள். பதக்கத்தின் எடையைத் தராசு காட்டும் கிராமால் வகுத்தால் சுத்த வெள்ளிக்கு 10.5, 925-க்கு 10.3 அல்லது 10.4 வரும். 8.5-ஐ ஒட்டி வந்தால் உள்ளே பித்தளையாக இருக்கலாம்.