முதியோர் பராமரிப்பு: குடும்பமும் மனநலமும் – கேள்வி பதில்

கேள்வி: பிள்ளைகளோடு சேர்ந்து வாழும் வழக்கமுள்ள சமூகங்களில் முதியோருக்குத் தனிமை தெரியாது என்கிறார்களே, உண்மைதானா ஐயா?

பதில்: பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள், ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. இத்தாலி, கிரீஸ் போன்ற தென் ஐரோப்பிய நாடுகளில் முதியோர் பிள்ளைகளுடன் வசிப்பதும், டென்மார்க், ஸ்வீடன் போன்ற வட நாடுகளில் தனித்து வசிப்பதும் அதிகம். ஆயினும் தனிமையுணர்வு தெற்கிலேயே மிகுதியாகப் பதிவாகிறது. உடல்நலமும் பொருளாதார நிலையும் இதற்குக் காரணமென்றாலும், எதிர்பார்ப்பை ஒதுக்கிவிட முடியாது. பிள்ளைகள் எப்போதும் உடனிருப்பார்கள் என்று எண்ணி வாழ்ந்தவருக்கு, அதே வீட்டில் பேச ஆளில்லாத மாலைப்பொழுது கூடுதலாகவே வலிக்கும்.

கேள்வி: பெற்றோரைக் காப்பது கடமை என்று மனதார நம்புகிறவருக்குச் சுமை குறைவாகத்தானே தெரியும்?

பதில்: அந்த நம்பிக்கை மட்டுமே சுமையைக் குறைத்துவிடுவதில்லை. கடமையுணர்வு மிகுந்தவர் பிறரிடம் உதவி கேட்கவே கூசுவதால், சில வேளைகளில் சுமை கூடவும் செய்கிறது. இதை எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1999இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, 66 முதல் 96 வயதுக்குட்பட்டவர்களை ஏறத்தாழ 4 ஆண்டுகள் கவனித்தது. வாழ்க்கைத் துணையைப் பராமரித்து அதனால் மன அழுத்தத்துக்கு ஆளானவர்களின் இறப்பு அபாயம், அப்பொறுப்பு இல்லாதவர்களைவிட 63 சதவீதம் அதிகமாக இருந்தது. பராமரித்தும் அழுத்தத்துக்கு ஆளாகாதவர்களிடம் அத்தகைய உயர்வு தென்படவில்லை. ஆகவே பராமரிப்பாளரிடம் முதலில் விசாரிக்க வேண்டியது அவருடைய உறக்கத்தையும், ஓய்வையும், அவருக்குக் கைமாற்ற ஆள் இருக்கிறாரா என்பதையும்தான்.

கேள்வி: பக்கவாதம் வந்த அப்பாவுக்கு எல்லாவற்றையும் நானே செய்கிறேன். அப்படியும் எரிந்து விழுகிறார். என்ன குறை வைத்தேன்?

பதில்: குறையன்று, சற்றே மிகை. அவர் சட்டைப் பொத்தானைப் போட முயலும்போது நீங்கள் கையை விலக்கிவிட்டு அரை நிமிடத்தில் போட்டுவிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு நேரம் மிச்சம். அவருக்கோ, தன்னால் முடிந்த ஒன்றும் பறிபோகிறது. மேல் பொத்தானை மட்டும் நீங்கள் போட்டு, மற்றவற்றை, பத்து நிமிடமானாலும், அவரிடமே விடுங்கள். எந்தச் சட்டை என்பதையும் அவரே சொல்லட்டும். பெறுவதோடு நின்றுவிடாமல் கொடுக்கவும் முடிகிறபோதுதான் முதியவருக்கு மனநிறைவு. வீட்டுக் கணக்கையோ பேரக்குழந்தையின் பாடத்தையோ அவர் பொறுப்பில் விட்டுப் பாருங்கள்.

கேள்வி: அரசு உதவத் தொடங்கினால் குடும்பங்கள் கைகழுவிவிடாவா?

பதில்: அந்த அச்சம் பல நாடுகளிலும் எழுந்ததுதான். அன்றாட வேலைகளுக்கே பிறர் உதவி தேவைப்படும்போது அந்தச் செலவுக்குக் கைகொடுக்கும் பராமரிப்புக் காப்பீட்டை ஜெர்மனி 1995இலும் ஜப்பான் 2000இலும் கொண்டுவந்தன. ஜப்பானில் 40 வயதிலிருந்தே அதற்குச் சந்தா கட்ட வேண்டும். ஜெர்மனியில் வீட்டிலேயே பராமரிப்போருக்கென உதவித்தொகை உண்டு; பராமரிப்புத் தேவைப்படுவோரில் பெரும்பாலோர் இன்றும் அங்கே வீடுகளில்தான் இருக்கிறார்கள். குளிப்பாட்டுவதற்குப் பயிற்சி பெற்றவர் வந்தால், மகளுக்குத் தாயோடு உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கிறது. இதைக் கைகழுவுதல் என்று நான் சொல்லமாட்டேன்.

கேள்வி: மறதிநோயுள்ள அம்மாவைப் பகல்நேர மையத்தில் விடக் குற்றவுணர்வாக இருக்கிறது.

பதில்: தயங்காமல் விடுங்கள். முதல் சில நாட்கள் நீங்களும் சிறிது நேரம் உடனிருங்கள். அவர் எந்தப் பெயரால் அழைத்தால் திரும்பிப் பார்ப்பார், எதைக் கண்டால் மிரள்வார் என்பதை ஊழியர்களிடம் எழுதிக் கொடுங்கள்.