கரண்ட் வைத்து முடித்த பிறகும் எதற்கு இன்னொரு எம்.ஆர்.ஐ.?

கேள்வி: என் அம்மாவுக்கு 54 வயது. கருப்பை வாய்ப் புற்றுநோய். ஐந்து வாரம் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்தார்கள், வாராவாரம் கீமோவும் ஏற்றினார்கள். இப்போது ரத்தப்போக்கு நின்றுவிட்டது. அடுத்து உள்ளே குழாய் வைத்துக் கரண்ட் கொடுக்க வேண்டுமாம். அதற்கு மறுபடியும் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார்கள். நோய் தெரிந்தபோதே ஒன்று எடுத்தோம், நடுவில் சி.டி.யும் எடுத்தார்கள். இத்தனை ஸ்கேனை அம்மாவின் உடம்பு தாங்குமா? பழைய எம்.ஆர்.ஐ.யை வைத்தே செய்ய முடியாதா?

– வாசகி, தஞ்சாவூர்

பதில்: முதலில் பயத்தை விடுங்கள். எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சே கிடையாது. காந்தமும் ரேடியோ அலையும்தான் அங்கே வேலை செய்கின்றன. சி.டி.யில் எக்ஸ்ரே உண்டு. ஆனால் சிகிச்சைக்குக் கொடுக்கும் கதிரோடு ஒப்பிட்டால் அது மிகமிகச் சொற்பம்.

அப்படியானால் எதற்கு இரண்டும்? வெளியிலிருந்து வரும் கதிர் எலும்பில் எவ்வளவு குறையும், தசையில் எவ்வளவு குறையும் என்று கணக்குப் போட சி.டி. வேண்டும். ஆனால் கருப்பை வாயும் அதிலுள்ள கட்டியும் சி.டி.யில் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறத்தில் தெரியும். எது கட்டி, எது நல்ல சதை என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். எம்.ஆர்.ஐ.யில் நல்ல கருப்பை வாய்த் தசை கறுப்பு வளையம் போல இருக்கும். கட்டி அதற்குள் வெளிறிய திட்டாக எடுத்துக்காட்டும். அந்தக் கறுப்பு வளையம் ஓரிடத்தில் அறுந்திருந்தால், நோய் பக்கத்துத் திசுவுக்குள் இறங்கியிருக்கிறதோ என்று அந்த இடத்தை நாங்கள் திரும்பத் திரும்பப் பார்ப்போம்.

சரி, பழைய எம்.ஆர்.ஐ. ஏன் போதாது? அது சிகிச்சைக்கு முந்தைய படம். ஐந்து வாரத்தில் எலுமிச்சை அளவுக் கட்டி சுண்டைக்காய் அளவுக்குச் சுருங்கியிருக்கலாம், ஒரு பக்கம் மட்டும் சுருங்காமல் நிற்கவும் செய்யலாம். உள்ளே வைக்கும் குழாய் வழியாக, அரிசி மணியைவிடச் சிறிய, கதிர் வீசும் இரிடியம்-192 துண்டு கட்டிக்கு அருகிலேயே போய் நிற்கும். அதன் வீரியம் தூரம் கூடக்கூடச் சட்டென்று விழுந்துவிடும். 1 செ.மீ. தள்ளிக் கிடைப்பதில் ஏறத்தாழ கால் பங்குதான் 2 செ.மீ. தள்ளிக் கிடைக்கும். அதனால் சில மி.மீ. தவறினாலே கட்டியின் ஓரத்துக்குக் கதிர் போதாமல் போய்விடும், அல்லது முன்னால் இருக்கும் சிறுநீர்ப்பையும் பின்னால் இருக்கும் மலக்குடலும் அதை வாங்கிக்கொள்ளும்.

1938-ல் மான்செஸ்டரில் வகுத்த முறையில், 'ஏ புள்ளி' என்ற ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு எவ்வளவு என்று கணக்கிட்டுக் கதிர் கொடுப்பார்கள். கட்டி சிறியதோ பெரியதோ, எல்லோருக்கும் அதே புள்ளிதான். பல பத்தாண்டுகள் அப்படித்தான் நடந்தது, நிறைய பேர் பிழைக்கவும் செய்தார்கள். ஆனால் பெரிய கட்டியும் ஒரு பக்கமாகச் சாய்ந்த கட்டியும் தப்பிவிடும். இப்போது எம்.ஆர்.ஐ.யைப் பார்த்து அவரவர் கட்டியின் வடிவத்துக்கே திட்டம் போடுகிறோம். இந்தியா உட்படப் பல நாடுகளில் இப்படிச் சிகிச்சை பெற்ற 1,341 பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2021-ல் வெளியானது. ஐந்து ஆண்டுக்குப் பிறகும் நூற்றுக்கு 92 பேருக்குக் கட்டி இருந்த இடத்தில் நோய் கட்டுப்பட்டே இருந்தது. அந்த இடத்தில் கட்டுப்பட்டும், பிறகு உடம்பில் வேறு இடத்துக்கு நோய் பரவியவர்களும் அதில் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன், அது வேறு போராட்டம்.

ரத்தப்போக்கு நின்றுவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல அறிகுறிதான். ஆனால் இந்தக் கட்டத்தில்தான் பலர் "அதான் சரியாகிவிட்டதே" என்று வீட்டோடு இருந்துவிடுகிறார்கள். அதைப் பார்த்தால் எனக்கு மனசு பதறுகிறது. வெளியிலிருந்து கொடுத்தது 45 முதல் 50 கிரே (கதிரை அளக்கும் அலகு) வரைதான் இருக்கும். கட்டி இருந்த இடத்துக்கு எல்லாம் சேர்த்து 85 கிரேயாவது போய்ச்சேர வேண்டும் என்பது இன்றைய இலக்கு. மீதியை இந்தக் குழாய்தான் கொடுக்கும். முழுச் சிகிச்சையும் எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். ஆகவே எம்.ஆர்.ஐ.க்கு இரண்டு வாரம் காத்திருக்கச் சொன்னால் காத்திருக்காதீர்கள். உடனே உங்கள் டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள். பழைய எம்.ஆர்.ஐ., பரிசோதனைக் குறிப்பு, புது சி.டி. ஆகியவற்றை வைத்தும் திட்டம் போடலாம். எம்.ஆர்.ஐ. அளவுக்குத் துல்லியம் வராது, ஆனாலும் நாள் கடத்துவதைவிட அது எவ்வளவோ மேல்.

அந்தப் பழைய படங்களைப் பத்திரமாக எடுத்துப் போங்கள். அவை பதிந்த குறுந்தட்டும் இருந்தால் ரொம்ப நல்லது. கட்டி முதலில் எதுவரை இருந்தது என்று தெரிந்தால்தான் சுருங்கிப்போன இடத்துக்கும் கொஞ்சம் கதிர் சேர்க்க முடியும்.

பெரும்பாலும் மயக்க மருந்து கொடுத்துக் குழாயை வைத்த பிறகு, அதோடேயே எம்.ஆர்.ஐ.க்குக் கொண்டுபோவார்கள். அந்தக் குழாய் காந்தத்துக்கு ஏற்ற பிளாஸ்டிக்கிலோ டைட்டேனியத்திலோ செய்ததாக இருக்கும். அந்த வசதி இல்லாத இடங்களில் குழாய் வைப்பதற்குச் சற்று முன்பே எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டு, பிறகு சி.டி.யோடு பொருத்துவார்கள். உங்கள் அம்மாவுக்கு எந்த முறை என்று கேட்டுக்கொள்ளுங்கள். குழாய் வைத்தபின் சில மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டியிருக்கும். அம்மாவிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இதய பேஸ்மேக்கர், மூளையில் போட்ட கிளிப், காதுக்குள் வைத்த கருவி ஏதாவது இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். மெஷின் 'டக்டக்'கென்று பெரிதாகச் சத்தம் போடும், காதுக்குப் பஞ்சோ அடைப்பானோ தருவார்கள். அப்புறம், தாலிச் சங்கிலி. கழற்ற மனசு வராமல் கடைசி நிமிடத்தில் அழுகிற அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். தங்கத்தைக் காந்தம் இழுக்காது. ஆனால் அந்தச் சங்கிலியில் எப்போதும் நாலு ஊக்கு கோத்திருக்கும். இரும்பு ஊக்கு அந்த அறைக்குள் தோட்டா மாதிரிப் பறக்கும். சங்கிலி சூடாகவும் கூடும், படத்தையும் கெடுக்கும். அதனால் முந்தின நாளே வீட்டில் வைத்துக் கழற்றி, அதற்குப் பதில் வெறும் மஞ்சள் கயிறு ஒன்றைக் கட்டி அழைத்துப் போங்கள்.