வவுனியாவுக்குக் குடிபெயருமுன் பார்க்க வேண்டியவை: கிணறும் காணிப் பத்திரமும்

முல்லைத்தீவு மாவட்டத்தின் ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். முகாமைத்துவ சேவை அலுவலராகப் பணியாற்றும் அவருடைய மனைவிக்கு வவுனியாவுக்கு இடமாற்றம் வந்திருக்கிறது. மகள் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு உயர்தரத்தில் உயிரியல் பிரிவுக்குச் செல்லவிருக்கிறார். மகன் தரம் 4 இல் படிக்கிறான். முத்தையன்கட்டுக் குளத்தின் கீழுள்ள இரண்டு ஏக்கர் வயலும், குடியிருக்கும் வளவும் 71 வயதான தாயாரின் பெயரில் அனுமதிப்பத்திரக் காணிகளாக இருக்கின்றன. தாயாருக்கு நீரிழிவும் இரத்த அழுத்தமும் உண்டு. "மெனிக்பாம் வரைக்கும் வந்தது காணும், இனி ஓரிடமும் வரமாட்டன்" என்று, போரின் முடிவில் அந்த இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்த அவர் சொல்லிவிட்டாராம். இதனிடையே, தெரிந்த ஒருவர் வவுனியா நகருக்கு வெளியே 20 பேர்ச் 'பெர்மிட்' (அனுமதிப்பத்திர) காணியொன்றை மலிவு விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். தை மாதம் வீடு பார்த்துக் குடும்பத்தோடு போய்விடலாமா, அந்தக் காணியை வாங்கிவிடலாமா என்பவையே அவருடைய கேள்விகள்.

காணியை வாங்க வேண்டாம். தை மாதத்தில் எல்லோரும் ஒன்றாகப் போகவும் வேண்டாம். மனைவி முதலில் செல்லட்டும். ஓர் ஆண்டுக்கு வாடகை வீட்டில் இருந்து பாருங்கள். வன்னியின் பிரதேச செயலகங்களில் காணிப் பிரிவில் நீண்ட காலம் வேலை செய்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். 2009க்கு முன்னும் பின்னும் நம்மவர்கள் இடம்பெயர்ந்ததைப் போல உலகில் சிலரே இடம்பெயர்ந்திருப்பார்கள். ஆனால் அந்தப் பழக்கத்தினாலேயே, நாமாக விரும்பி ஊர் மாறும்போதும் ஓரிரவில் மூட்டை கட்டுகிற வேகம் நம்மிடம் இருக்கிறது. இம்முறை உங்களை யாரும் துரத்தவில்லை.

முதலில் தண்ணீர். தை மாதத்தில் வன்னியின் எந்தக் கிணறும் அழகாகத்தான் இருக்கும். வடகீழ்ப் பருவமழை ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டித் தீர்த்த பின் நீங்கள் எட்டிப் பார்க்கும் கிணற்றில் தண்ணீர் கைக்கு எட்டும் தூரத்தில் நிற்கும். அதே கிணறு ஆவணி, புரட்டாதியில் என்ன நிலையில் இருக்கும் என்பதை வீட்டுக்காரர் சொல்லமாட்டார். அதைப் பக்கத்து வளவில் கேட்க வேண்டும். "கோடையில் எத்தனை மணித்தியாலம் மோட்டார் போடலாம், பவுசர் தண்ணீர் எப்போதாவது வாங்கினீர்களா?" என்ற இரண்டு கேள்விகளே போதும். பிறகு அவ்வீட்டில் இப்போது குடியிருப்பவரிடம் தயங்காமல் கேத்திலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அடியில் வெள்ளைப் படலம் தடித்துப் பாறைபோல் ஒட்டியிருந்தால் நீர் மிகக் கடினமானது. சவர்க்காரம் நுரைக்காது, தலைமுடி பிசுபிசுக்கும், குழாய் வாய்கள் அடைபடும். இவற்றைச் சகித்துக்கொள்ளலாம்.

சகிக்க முடியாதது புளோரைட்டு. அதற்குச் சுவையோ மணமோ நிறமோ இல்லை. கொதிக்க வைத்தால் போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். இலங்கையின் குடிநீர்த் தரநிர்ணயம் லீற்றருக்கு 1 மில்லிகிராமையே உச்ச எல்லையாக வைத்திருக்கிறது. வவுனியா மாவட்டத்தின் பல கிணறுகளும் குழாய்க் கிணறுகளும் அந்த எல்லையைத் தாண்டியவை. பிள்ளைகளின் பற்களில் வரும் பழுப்புப் புள்ளிகளைக் கண்டிருப்பீர்கள். காரணம் முழுமையாக உறுதி செய்யப்படாத நாட்பட்ட சிறுநீரக நோயினால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிலும் வவுனியா ஒன்று. நீரிழிவுள்ள உங்கள் தாயாரின் சிறுநீரகத்துக்கு மேலும் ஒரு சுமையைக் கொடுக்கக் கூடாது என்பதால், வாடகை பேசுவதற்கு முன்பே ஒரு போத்தல் கிணற்று நீரைக் கொண்டுபோய்ப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். எங்கே, எப்படிக் கொடுப்பதென்பதைத் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் அலுவலகத்தில் அல்லது அப்பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்கலாம். பேராற்று நீர்த்தேக்கத்தை நம்பிய குழாய்நீர் வரும் வீதியென்றால் கவலை பாதியாகக் குறையும். ஆனால் வீதியில் குழாய் இருப்பதும் வீட்டுக்கு இணைப்பு இருப்பதும் ஒன்றல்ல. மீற்றரைக் கண்ணால் பாருங்கள். குழாய்நீர் இல்லையென்றால் சுத்திகரிப்பு நிலையத்தில் விற்கும் 'ஆர்.ஓ.' தண்ணீரைத்தான் வாங்க வேண்டும். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நான்கு லீற்றர் என்று வைத்தால், ஐந்து பேருக்கு நாளொன்றுக்கு 20 லீற்றர், அதாவது ஒரு கான். அதை யார், எதில், எந்த நேரத்தில் தூக்கி வருவார் என்பதையும் வாடகைக் கணக்கோடு சேர்த்தே யோசியுங்கள். நீங்கள் வயலில் நிற்கும் நாட்களில் அது மனைவியின் தலையில்தான் விழும்.

அடுத்தது மழை. வைரவபுளியங்குளம், பண்டாரிகுளம், நெளுக்குளம், தாண்டிக்குளம், கோவில்குளம் என்று வவுனியாவின் குடியிருப்புகளுள் பாதி, பெயரிலேயே குளத்தை வைத்திருக்கின்றன. குளம் இருந்தால் அலைகரை உண்டு, மிகைநீர் வழியும் வான் உண்டு, வான் பாயும் வாய்க்கால் உண்டு. நகரம் பெருகியபோது அந்த வாய்க்கால்கள் ஒடுங்கின. சில மதில்களுக்குக் கீழே போய்விட்டன. நானும் இதில் ஏமாந்தவன். முதன்முதலாக மாற்றலாகி வந்தபோது ஆவணி வெயிலில் ஒரு வீட்டைப் பார்த்து, காற்றோட்டம் நன்றாக இருக்கிறதென்று அன்றே முற்பணம் கொடுத்தேன். கார்த்திகை மூன்றாம் நாள் மலசலகூடக் குழி நிரம்பி, நீர் முற்றத்துக்கு வந்தது. அந்தக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே இருபது அடி கூட இல்லை என்பதை அதற்குப் பிறகுதான் அளந்து பார்த்தேன். குறைந்தது 50 அடியாவது இருக்க வேண்டும். வீட்டின் பின்சுவரில் நிலத்திலிருந்து ஒரு முழ உயரத்தில் மங்கலான மண்ணிறக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். புதிதாக நிறம் பூசியிருந்தால் மதிலின் வெளிப்புறத்தைப் பாருங்கள், அங்கே யாரும் பூசியிருக்கமாட்டார்கள். 2018 மார்கழி வெள்ளம் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் ஓரிரவில் என்ன செய்தது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதே கண்ணோடு வவுனியாவையும் பாருங்கள்.

இனி, மலிவுக் காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணியின் உரிமையாளர் அரசு. பத்திரம் வைத்திருப்பவர் அதில் குடியிருக்கலாம், பயிரிடலாம். தன் எண்ணப்படி விற்க முடியாது. பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் செய்யப்படும் கைமாற்றம் சட்டத்தின் முன் செல்லாது. அதை நொத்தாரிசு எழுதினாலும், முத்திரை ஒட்டினாலும், ஊர்ப் பெரியவர்கள் நால்வர் சாட்சிக் கையெழுத்து வைத்தாலும் அந்தக் காகிதத்துக்கு உயிர் வராது. "அற்றோணித் தத்துவம் எழுதித் தருகிறோம்" என்பார்கள், அதாவது தன் சார்பில் செயற்பட உங்களுக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம். தத்துவம் கொடுத்தவர் இறந்த அன்றே அது முடிந்துவிடும். மறுநாள் அவருடைய பின்னுரித்தாளர், அதாவது அவருக்குப் பின் காணியைப் பெறுபவர், வந்து உங்கள் வீட்டு வாசலில் நிற்பார். இப்படி முழுப் பணத்தையும் கொடுத்துக் கிணறும் வெட்டி முடித்த பின் பத்திரத்தை நெஞ்சோடு அணைத்தபடி எங்கள் மேசைக்கு வந்தவர்கள் பலர். அவர்களிடம் உண்மையைச் சொல்வதுதான் அந்த வேலையிலேயே கடினமான பகுதி.

வாங்குவதென்றால், விற்பவருக்கே சொந்தமான உறுதிக் காணியாகப் பாருங்கள். அதிலும் உறுதியை மட்டும் பார்த்து நம்பாமல், காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 ஆண்டுக்குத் தோம்பு (காணிப் பதிவேடு) தேடுவித்து, ஈடு, வழக்குப் பதிவு, பிரிக்கப்படாத பங்குரிமை எதுவும் இல்லையென்பதை உங்கள் சட்டத்தரணி மூலம் உறுதிசெய்யுங்கள். விற்பவரின் சட்டத்தரணியே உங்களுக்கும் பார்த்துத் தருவதாகச் சொன்னால் நன்றி கூறி மறுத்துவிடுங்கள். நகரை விட்டு வெளியே செல்லச் செல்ல மேலும் இரண்டு கேள்விகள் எழும்: வன இலாகாவின் எல்லைக்கல் எங்கே நிற்கிறது, குளத்தின் ஒதுக்குநிலம் எதுவரை வருகிறது? முன்னதைப் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவிலும், பின்னதை, சிறு குளமென்றால், கமநல சேவை நிலையத்திலும் கேட்கலாம். எப்படியும் ஒரு கோடையும் ஒரு மாரியும் அந்த ஊரில் இருந்து பார்த்தவருக்கு எந்தப் பக்கம் வாங்கக் கூடாது என்பது தானாகவே தெரிந்துவிடும். வாடகைக்கு இருங்கள் என்று நான் வற்புறுத்துவது அதற்காகத்தான். அந்த வாடகையையும் வாய்ப்பேச்சில் விடாதீர்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டால்தான் சட்டத்தில் நிற்கும். முற்பணம் எவ்வளவு, எப்போது திரும்பக் கிடைக்கும், மின்மானி தனியா என்பவற்றையும் அதிலேயே எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

மகளின் விடயத்தில்தான் நான் அதிகம் யோசித்தேன். பெரும்பாலான பல்கலைக்கழகக் கற்கைநெறிகளுக்கு 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகை விகிதத்திலும், எஞ்சிய 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. முல்லைத்தீவும் வவுனியாவும் அந்தப் பதினாறுக்குள் இருந்தாலும், மருத்துவபீடத்துக்கான வெட்டுப்புள்ளி இரண்டுக்கும் ஒன்றல்ல. உயர்தரப் பரீட்சைக்கு முன்னைய 3 ஆண்டுகள் எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தார் என்பதைப் பொறுத்தே பரீட்சார்த்தியின் மாவட்டம் பார்க்கப்படுகிறது. ஆகவே இப்போது விடுகைப் பத்திரம் எடுப்பது வெறும் பாடசாலை மாற்றமாக முடியாது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் கைநூலில் இடையில் மாவட்டம் மாறியவர்களுக்கான விதியை அதிபரோடு அமர்ந்து வரிக்கு வரி வாசித்த பின்னரே முடிவெடுங்கள்.

உங்கள் பக்கத்துப் பாடசாலையில் இரசாயனவியலுக்கும் பௌதிகவியலுக்கும் ஆசிரியர் இருக்கிறார்களென்றால், மகள் உங்களோடும் அப்பம்மாவோடும் ஒட்டுசுட்டானிலேயே இருந்து படிப்பதே நல்லது என்பது என் எண்ணம். ஆசிரியர் இல்லையென்றால் மாவட்ட ஒதுக்கீட்டை நினைத்து அங்கேயே இருத்துவதில் பயனில்லை. பெறாத புள்ளிக்கு எந்த மாவட்டமும் உதவாது. அவர் அங்கே இருந்தால் ஒரு நிபந்தனை உண்டு. தாய் இல்லாத வீட்டில் சமையலும் கிழவியின் மருந்தும் பதினேழு வயதுப் பெண்பிள்ளையின் பொறுப்பாகிவிடுவதுதான் நம் வீடுகளின் வழக்கம். அந்த வேலைகளை நீங்கள் செய்வதென்றால் மட்டுமே இந்த ஏற்பாடு சரிவரும்.

மகன் தாயோடு வவுனியாவுக்குப் போகலாம். தரம் 5 புலமைப்பரிசிலுக்கு முன்பே புதிய பாடசாலையில் பழகிவிடுவான். இடைத்தர அனுமதி வகுப்பில் வெற்றிடம் இருந்தால்தான் கிடைக்கும். ஆகவே பாடசாலையின் பதிலை எழுத்தில் பெற்ற பின் அதற்குப் பக்கத்தில் வீடு தேடுங்கள்.

நீங்கள் மாசியில் காலபோக அறுவடை முடியும்வரை எங்கும் போகத் தேவையில்லை. அதன் பிறகு போவதென்றாலும் வளவைப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனை குடியிருப்பதும் பயிரிடுவதுமே. காணி கைவிடப்பட்டுக் கிடக்கிறதென்ற அறிக்கை போனால் பத்திரத்தை இரத்துச் செய்யும் அறிவித்தல் வரக்கூடும். வயலை வேறொருவருக்குப் போகத்துக்குக் கொடுக்க நினைத்தால் அதைப் பிரதேச செயலகத்துக்கு அறிவித்துச் செய்யுங்கள். கமநல சேவை நிலையத்தின் பதிவேட்டில் பயிரிடுபவராக யாருடைய பெயர் ஏறுகிறதென்பதையும் கவனியுங்கள். அங்கே ஏறிய பெயரை இறக்குவது உரம் வாங்குவதைப் போல எளிதல்ல. தாயார் ஊரில் இருக்க விரும்புவது, இந்தக் கோணத்தில் பார்த்தால், பிடிவாதமல்ல; காணிக்கு அவர்தான் காவல். அவருடைய கிளினிக்கையும் மாற்ற வேண்டாம், மாஞ்சோலை வைத்தியசாலையிலேயே தொடரட்டும். இரவில் ஏதாவதென்றால் 1990 அழைத்தால் 'சுவசெரிய' வண்டி வரும். அந்த இலக்கத்தை அவருடைய தொலைபேசியில் பதிந்து கொடுங்கள்.

வாக்காளர் பதிவையும் அவசரப்பட்டு மாற்றாதீர்கள். மனைவியும் மகனும் நிரந்தரமாக அங்கேதான் என்று தீர்மானித்த பிறகு, அடுத்த இடாப்புத் திருத்தத்தின்போது புதிய கிராம அலுவலரிடம் பதிந்துகொள்ளலாம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, இந்த மாதமே செய்ய வேண்டிய ஒன்றை உங்கள் கடிதம் குறிப்பிடவில்லை. இரண்டு பத்திரங்களிலும் தாயார் பின்னுரித்தாளரை நியமித்திருக்கிறாரா? இல்லையென்றால், ஒரு வேலைநாள் காலையில் அவரை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஒட்டுசுட்டான் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்குப் போங்கள். தேசிய அடையாள அட்டை, இரண்டு அனுமதிப்பத்திரங்களின் மூலப்பிரதிகள், நியமிக்கப்படுபவரின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றைக் கையோடு கொண்டு செல்லுங்கள். 2009இல் மூலப்பிரதி தொலைந்து போயிருந்தால் அதையும் அன்றே சொல்லுங்கள். உங்கள் காணியின் பதிவு செயலகத்தின் பேரேட்டில் இருக்கும், அதிலிருந்து தொடங்கலாம்.