ஈடிபஸ், கிரியோன்: யார் எப்படிப்பட்ட ஆட்சியாளன்?

பண்டைய கிரேக்க நாடகாசிரியர் சோஃபோக்ளிஸின் 'ஈடிபஸ் அரசன்' நாடகத்தில் ஈடிபஸும் 'ஆன்டிகனி'யில் கிரியோனும் தீப்ஸ் நகரை ஆள்கிறார்கள். கோபத்தை வைத்து இவர்களைப் பிரிக்க முடியாது. ஊர்மக்களை எப்படி நடத்துகிறார்கள் என்று பாருங்கள், வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

'இருவருமே முன்கோபி, இருவருமே டைரீசியஸை நம்பவில்லை, பிறகு எதை ஒப்பிடுவது' என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பார்வையற்ற குறிசொல்லி வரும் காட்சிகளை மட்டும் அருகருகே வைத்திருப்பீர்கள் போல. காசுக்காகப் பேசுகிறான் என்று இரண்டு நாடகத்திலும் அரசன் பழி சுமத்துகிறான். அங்கே ஒற்றுமைதான் கிடைக்கும்.

பதிலாக, செய்தி வந்து சேரும் காட்சிகளைப் படித்துப் பாருங்கள். ஈடிபஸ் நாடகத்தில், டெல்ஃபி கோயிலில் தெய்வவாக்குக் கேட்டுத் திரும்பிய மைத்துனன் கிரியோன், உள்ளே போய்ப் பேசலாமா என்கிறான். எல்லோர் முன்னும் சொல் என்கிறான் ஈடிபஸ். 'ஆன்டிகனி'யிலோ, அடக்கம் செய்யக் கூடாதென்று தான் தடைவிதித்த பிணத்தின் மேல் யாரோ மண் தூவியதைச் சொல்ல வந்த காவலாளியையே அரசன் கிரியோன் மிரட்டுகிறான். மண் தூவியவள் இறந்தவனின் சகோதரி ஆன்டிகனி; ஊர் அந்தப் பெண் பக்கம் என்று மகன் ஹீமோன் சொன்னதும், எப்படி ஆள்வது என்று ஊரா எனக்குச் சொல்வது எனப் பாய்கிறான்.

கடைசியில் அவன் இறங்கிவருவதையும் விட்டுவிடாதீர்கள். முதலில் குகையில் அடைத்த பெண்ணை விடுவி, பிறகு சடலத்துக்குக் கல்லறை எழுப்பு என்கிறது கோரஸ், அதாவது நாடகத்தில் வரும் ஊர்ப்பெரியவர்கள் குழு. அவன் வரிசையை மாற்றிச் செய்கிறான். குகைக்குப் போவதற்குள் அவள் தூக்கிட்டுக்கொண்டுவிட்டாள். அவன் ஆட்சித்திறனுக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டுமா என்ன!

ஒன்றில் மட்டும் கவனம்: இரண்டு நாடகத்துக் கிரியோனையும் ஒரே ஆளாக்கி எழுதாதீர்கள். கதைப்படி பிந்தையதான 'ஆன்டிகனி'யைத்தான் சோஃபோக்ளிஸ் முதலில் எழுதினார். ஈடிபஸ் நாடகத்தில் வரும் கிரியோன், அரியணையே வேண்டாம் என்று வாதாடும் நிதானக்காரன்.