வாய்ப்பாடு மனப்பாடம், வகுத்தல் மட்டும் வரவில்லையே?

கேள்வி: என் மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். 12ஆம் வாய்ப்பாடு வரை தடையில்லாமல் ஒப்பிக்கிறாள். ஆனால் “ஏழெட்டு எவ்வளவு?” என்று இடையில் கேட்டால், ‘ஓரெட்டு எட்டு’ என்று முதலிலிருந்து முணுமுணுத்து வந்துதான் விடை சொல்கிறாள். வகுத்தல் கணக்கு என்றாலே அழுகை. 16ஆம் வாய்ப்பாடு வரை மனப்பாடம் செய்தால் சரியாகிவிடும் என்கிறார் என் மாமனார். தினமும் ஒரு மணி நேரம் ஒப்பிக்க வைக்கலாமா?

பதில்: வேண்டாம். ஏற்கெனவே நன்றாக வருவது இன்னும் நன்றாக வரும். வராதது அப்படியே இருக்கும். உங்கள் மகளின் மனத்தில் வாய்ப்பாடு ஒரு பாட்டாகப் பதிந்திருக்கிறது. பாட்டின் ஏழாவது அடி என்ன என்று திடீரெனக் கேட்டால் நாமும் முதலடியிலிருந்துதான் பாடிப் பார்ப்போம். வகுத்தலுக்கோ 56 என்ற விடையிலிருந்து பின்னோக்கி வர வேண்டும். அந்தத் திசையில் அவளுக்குப் பழக்கமே இல்லை. அழாமல் என்ன செய்வாள்?

முதலில் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். 8+6, 40+16, 70–7 ஆகியவற்றை விரல்விடாமல் மனத்திலேயே செய்கிறாளா? தடுமாறினால் பெருக்கலைச் சில நாள் ஒதுக்கிவைத்துவிட்டு இவற்றைச் சரிசெய்யுங்கள். கீழே சொல்லப்போகும் எல்லாமே இந்தக் கூட்டல் கழித்தலின் மேல்தான் நிற்கின்றன.

அடுத்து, வேலை எவ்வளவு சிறியது என்பதை அவள் கண்ணால் பார்க்கட்டும். ஒன்று முதல் பத்து வரை பத்துக்குப் பத்து கட்டம் போட்டால் நூறு பெருக்கல்கள். முட்டை அட்டையை எடுத்து வையுங்கள்: வரிசைக்கு ஆறாக ஐந்து வரிசை. அதையே திருப்பி வைத்தால் வரிசைக்கு ஐந்தாக ஆறு வரிசை, முட்டை முப்பதுதான். ஆக 5×6 தெரிந்தால் 6×5 தனியாக வேண்டாம். இப்படி இரட்டையாக வருபவற்றில் ஒன்றை அடித்துவிட்டால் நூறு 55 ஆகிறது. ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து ஆகியவற்றின் வாய்ப்பாடுகள் அவளுக்கு நிச்சயம் தெரியும். அவற்றையும் அடித்துவிட்டால் மிஞ்சுவது 21. அடிக்கும் பென்சில் அவள் கையில் இருக்கட்டும்.

இந்த 21-ஐயும் மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். தெரிந்ததிலிருந்து தெரியாததைப் பிடிக்கக் கற்றுக்கொடுங்கள். நான்கு மடங்கு என்றால் இரட்டித்து மீண்டும் இரட்டிப்பது. எட்டு மடங்குக்கு இன்னொரு முறை: 7, 14, 28, 56. ஆறு மடங்கு என்றால் ஐந்து மடங்கோடு ஒன்றைக் கூட்டுவது. ஐயேழு 35, அதோடு ஏழு, 42. ஒன்பது மடங்கு என்றால் பத்து மடங்கில் ஒன்றைக் குறைப்பது; 70-இல் ஏழு போனால் 63. ஒன்பதுக்கு விரலை மடக்கும் வித்தை ஒன்றைப் பலரும் சொல்லித்தருகிறார்கள். அதில் எனக்கு அவ்வளவாக விருப்பமில்லை. விடை வருகிறது, ஏன் வந்தது என்பது வருவதில்லை. 63-ஐ 9 ஆல் வகுக்கச் சொன்னால் அந்த விரல்கள் கைகொடுப்பதும் இல்லை.

பெரும்பாலான குழந்தைகள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: ஆறொன்பது 54, ஏழெட்டு 56. விடைகள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் ஒன்றுக்குப் பதில் மற்றது வாயில் வந்துவிடும். இரண்டையும் ஒரே நாளில் பழக்காதீர்கள். 56 = 7×8 என்று விடையை முன்னால் எழுதிக் காட்டுங்கள். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு என்று எண்கள் வரிசையாக வருவதை ஒரு முறை பார்த்துவிட்டால் போதும், மறக்காது.

இனி வகுத்தல். இதைத் தனிப் பாடமாக நடத்துவதில்தான் பாதிச் சிக்கல் இருக்கிறது. பழைய காலண்டர் தாளின் பின்புறத்தில் முக்கோண அட்டைகள் வெட்டிக்கொள்ளுங்கள். மூன்று மூலைகளில் 7, 8, 56. 56-ஐக் கட்டைவிரலால் மறைத்தால் அது பெருக்கல்; 8-ஐ மறைத்தால் வகுத்தல். “ஏழை எத்தனை முறை எடுத்தால் 56?” என்று கேளுங்கள். 7×8, 8×7, 56÷7, 56÷8 என நான்கு கணக்குகளும் அந்த ஓர் அட்டையில் இருக்கின்றன. பெருக்கல் முழுவதும் முடிந்த பிறகுதான் வகுத்தல் என்று காத்திருக்க வேண்டாம். ஓர் அட்டை பழகும் நாளிலேயே நான்கையும் கேளுங்கள்.

கதைக் கணக்கில் இன்னொரு குழப்பம் வரும். 42 முறுக்கை ஏழு பேருக்குச் சமமாகக் கொடுத்தால் ஆளுக்கு எத்தனை? 42 முறுக்கை ஏழேழாகப் பொட்டலம் கட்டினால் எத்தனை பொட்டலம்? எழுதும்போது இரண்டும் 42÷7 தான். ஆனால் கைக்கு இரண்டும் வேறு வேறு வேலை. குழந்தைகளுக்குப் பங்கிடுவது எளிதில் புரியும். வாய்ப்பாட்டோடு நேரடியாகப் பொருந்துவது பொட்டலம் கட்டுவதுதான். புளியங்கொட்டையை வைத்து இரண்டையும் செய்ய வையுங்கள். வீட்டில் பல்லாங்குழி இருந்தால் இன்னும் நல்லது: ஒரு பக்கத்து ஏழு குழிகளில் குழிக்கு ஆறாகப் போட்டால் ஏழாறு 42 அங்கேயே நிற்கும்.

ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். புதிய அட்டை இரண்டு அல்லது மூன்று, மற்றவை பழையவை. நன்றாகக் கலைத்துப் போட்டுக் கேளுங்கள். உடனே விடை வராவிட்டால் “யோசி, யோசி” என்று நெருக்காமல், “ஐந்து மடங்கு தெரியுமே, அங்கிருந்து வா” என்று வழிகாட்டுங்கள். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். இங்கிலாந்துப் பள்ளிகளில் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு நடக்கும் வாய்ப்பாட்டுத் தேர்வில்கூட ஒரு கேள்விக்கு 6 விநாடி தருகிறார்கள். பள்ளியில் ஆங்கிலத்திலும் வீட்டில் தமிழிலும் வாய்ப்பாடு சொல்கிறாள் என்றால், எந்த மொழியில் அவளுக்கு விரைவாக வருகிறதோ அதிலேயே விட்டுவிடுங்கள்.

மாமனார் சொல்வதற்கும் ஒரு காரணம் உண்டு. 1957இல் தசம நாணய முறை வரும் வரை ரூபாய்க்கு 16 அணா. 16ஆம் வாய்ப்பாடு தெரியாதவர் கடையில் கணக்குப் பார்க்கத் திணற வேண்டியிருந்தது. இன்று அந்தக் கட்டாயம் இல்லை. எவ்வளவு பெரிய எண்களைத் தாளில் பெருக்கினாலும், ஒவ்வொரு படியிலும் தேவைப்படுவது ஒன்பதுக்குள் அடங்கும் பெருக்கல்தான். 16×7 வேண்டுமென்றால் 56-ஐ இரட்டித்து 112 என்று அவளே சொல்லிவிடலாம். இதைத் தாத்தாவிடம் அவளே செய்து காட்டட்டும். உங்கள் வேலை குறையும்.

மீதி வரும் கணக்குகளைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆறேழு 42 உறுதியான பிறகு 43, 44, 45 என்று ஒவ்வொன்றாகக் கொடுங்கள். “45-ஐத் தாண்டாமல் ஏழின் மடங்கு எதுவரை போகும்?” என்பதே கேள்வி. 42 வரை போகும். ஈவு 6, மீதி 3. பள்ளியில் நெடுவகுத்தல் நடக்கும் நாட்களில் தாளின் ஓரத்தில் 7, 14, 21 என்று எழுதி வைத்துக்கொள்ள அனுமதிக்குமாறு வகுப்பாசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். வகுக்கும் முறையும் வாய்ப்பாடும் ஒரே நேரத்தில் அவளை அழுத்தாமல் இருக்கும்.