மார்ச் விடுமுறைக்கு விடுதியைப் பூட்டிவிடுவார்கள், தம்பி

தம்பி, உன் கேள்வியைப் படித்ததும் 2006 ஜனவரி அப்படியே கண் முன்னால் வந்துவிட்டது. அப்போது நானும் உன்னைப்போல் இங்கே ஒரு உறைவிடப் பள்ளியில்தான் இருந்தேன். அப்பாவின் வேலைக்காக ஒன்றரை வருடம் முன்பு அமெரிக்கா வந்ததாகவும், வேலை விசாவில் வந்தவரின் துணைக்கும் பிள்ளைகளுக்கும் தரும் எச்-4 விசாவில் இருப்பதாகவும், போன ஆகஸ்ட்டில் மாநில அரசின் உறைவிட அறிவியல் பள்ளியில் 11ஆம் வகுப்பு சேர்ந்ததாகவும் எழுதியிருக்கிறாய். ஜனவரி முதல் மே வரையிலான இந்த ஸ்பிரிங் டேர்மில் நான்கு ஏபி பாடம் (கல்லூரித் தரத்தில் பள்ளியிலேயே படிப்பவை), கல்லூரி சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வு, ஆராய்ச்சி புராஜெக்ட், ரோபாட்டிக்ஸ் எல்லாம் சேர்ந்து தலையில் விழுகிறது, எப்படிச் சமாளிப்பது என்று கேட்கிறாய். கூடவே எந்த லேப்டாப், எந்த ஜாக்கெட், எஸ்ஏடிக்கு எந்தப் புத்தகம் என்றும்.

லேப்டாப், ஜாக்கெட் விஷயத்தை உன் மாடியில் இருக்கும் சீனியர்களிடம் கேட்டுக்கொள். எஸ்ஏடி இப்போது கணினியில் இரண்டே கால் மணி நேரத் தேர்வு. நான் எழுதியது காகிதத்தில், கிட்டத்தட்ட நான்கு மணி நேரம். அதற்கு என் யோசனை உதவாது. மற்றதைச் சொல்கிறேன்.

முதலில் பள்ளி நாள்காட்டியை எடுத்து, விடுதி எந்தெந்த நாளில் மூடுகிறது என்று பார். வகுப்பு இல்லாத நாள் வேறு, விடுதி மூடும் நாள் வேறு. இது அப்போது எனக்குத் தெரியாது. நம் ஊர் ஹாஸ்டலில் லீவு விட்டாலும் நாலு பேர் இருப்பார்கள், வார்டன் இருப்பார், எப்படியோ ஒரு சாப்பாடு கிடைக்கும் என்ற நினைப்பிலேயே இருந்தேன். மார்ச் விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு விடுதியைக் கவனித்துக்கொள்ளும் ஹால் அட்வைசர் ஒவ்வொரு அறையாகக் கதவைத் தட்டிக்கொண்டு வந்தார். நான் கட்டிலில் உட்கார்ந்து இயற்பியல் படித்துக்கொண்டிருந்தேன். "உன்னை அழைத்துப்போக யார் வருகிறார்கள்?" என்று கேட்டார். யாரும் வரவில்லை. அப்பாவிடம் அப்போது கார் ஓட்டும் உரிமமே இல்லை. ஆபீசுக்கு இன்னொருவர் காரில் போய்க்கொண்டிருந்தார். எங்கள் வீடு பள்ளியிலிருந்து மூன்று மணி நேரத் தூரம்.

இன்னொரு மாணவியின் அம்மா அழைத்துப்போகத் தயாராகத்தான் இருந்தார். ஆனால் வேறு ஒருவர் காரில் நான் ஏற வேண்டுமானால் என் பெற்றோர் முன்கூட்டியே கையெழுத்துப் போட்ட படிவம் இருக்க வேண்டும். அந்தப் படிவத்தை ஆகஸ்ட்டில் கொடுத்திருக்கிறார்கள். அம்மா அதைப் பத்திரமாக பீரோவில் வைத்துவிட்டார். மூன்று மணி நேரம் வாசலில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன். அப்பா ஆபீசிலிருந்து ஃபேக்ஸ் அனுப்பிய பிறகுதான் வெளியே விட்டார்கள். ஆகவே அந்தப் படிவத்தில் குறைந்தது இரண்டு குடும்பங்களின் பெயரை இந்த வாரமே எழுதிக் கொடுத்துவிடு.

அடுத்தது மருந்து. அம்மா கொடுத்தனுப்பிய காய்ச்சல் மாத்திரை, இருமல் மருந்து எதையும் அறையில் வைக்காதே. எல்லாம் நர்ஸிடம் பதிவு செய்து அங்கேதான் இருக்க வேண்டும் என்பது பல உறைவிடப் பள்ளிகளில் விதி. பெயர் புரியாத மாத்திரை அட்டை ஒன்று அறைச் சோதனையில் சிக்கினால், அதைப் போதைப் பொருள் விவகாரம் போலத்தான் விசாரிப்பார்கள். என் மேசை இழுப்பறையில் இரண்டு அட்டை கிடைத்ததற்கு நான் விளக்கக் கடிதம் எழுதினேன், அப்பா தொலைபேசியில் பதில் சொன்னார். இதில் இன்னொன்றும் இருக்கிறது. ஏப்ரலில் மரங்கள் பூக்கும்போது மகரந்தம் பறக்கும், கார்களின் மேல் மஞ்சள் பொடி படிந்திருக்கும். வந்த முதல் வருடம் அது என்னை ஒன்றும் செய்யவில்லை, இரண்டாவது வருடம் மூக்கு அடைத்துக் கண் எரிந்தது. சளி என்று நினைத்து ஒரு வாரம் வகுப்பைக் கெடுத்துக்கொண்டேன். அலர்ஜி என்று நர்ஸ்தான் சொன்னார்.

சரி, படிப்புக்கு வருகிறேன். இலையுதிர் பருவத்தில் லேபர் டே, தேங்க்ஸ்கிவிங் விடுமுறைகள் என்று நடுநடுவே மூச்சுவிட இடம் உண்டு. ஸ்பிரிங்கில் மார்ச் விடுமுறை முடிந்தால், ஓரிரண்டு நீண்ட வார இறுதி தவிர, மே கடைசி வரை ஒரே ஓட்டம்தான். ஏபி தேர்வுகள் மே மாதத்தின் முதல் இரண்டு வாரங்களில் வரும். புராஜெக்ட் அறிக்கை, போட்டிகள், ஆண்டு இறுதித் தேர்வு எல்லாம் அதைச் சுற்றியே. ஆகவே எதைக் கைவிடுவது என்பதை ஏப்ரலில் யோசித்தால் காலம் கடந்துவிடும். பாடத்தை விடுவதற்கான கடைசி நாள் டேர்ம் தொடங்கிய சில வாரங்களிலேயே போய்விடும். இப்போதே ஒன்றை விடு. உன் பட்டியலைப் பார்த்தால் ரோபாட்டிக்ஸை விடச் சொல்ல மனம் வரவில்லை, அதைப் பற்றி மட்டும்தான் நீ ஆசையாக நாலு வரி எழுதியிருக்கிறாய். நான்காவது ஏபியை எதற்கு எடுத்தாய் என்று உன்னையே கேட்டுப் பார்.

எனக்குப் பதில் தெரியும் என்றே நினைக்கிறேன். நம்மவர்கள் கூடும் இடத்தில் குழந்தை நலமா என்று யாரும் கேட்பதில்லை, எத்தனை ஏபி என்றுதான் கேட்கிறார்கள். இருபது வருடமாக இங்கே இருப்பவர்கள்தான் இதில் மோசம். தங்கள் பிள்ளை ஏழு எடுத்தான் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். புதிதாக வந்த அப்பா அம்மா அந்தக் கணக்கைக் கேட்டுவிட்டு, அன்று இரவே விடுதிக்கு போன் செய்வார்கள். என் அம்மா தினமும் ஒன்பது மணிக்கு, சரியாக ஸ்டடி ஹவர்ஸ் நடுவில் கூப்பிடுவார். பேசி முடித்தால் ஒரு மணி நேரம் மனசு படிப்பில் நிற்காது. ஞாயிறு மதியம் மட்டும் பேசுவோம் என்று சொல்ல எனக்கு ஏப்ரல் வரை தைரியம் வரவில்லை. நீ இந்த ஞாயிறே சொல்லிவிடு.

12ஆம் வகுப்பு சீனியர்களைப் பார்த்து ஏமாறாதே. மார்ச் கடைசிக்குள் அவர்களுக்குக் கல்லூரி முடிவுகள் வந்துவிடும், மே 1க்குள் சேருமிடத்தைச் சொல்லிவிடுவார்கள். வெயில் வந்ததும் புல்தரையில் ஃபிரிஸ்பீ வீசிக்கொண்டு, "வா, ஒரு அரை மணி நேரம்" என்பார்கள். அவர்களுக்கு ஓட்டம் முடிந்துவிட்டது. அடுத்த இலையுதிர் காலத்தில் நீ விண்ணப்பிக்கும்போது கல்லூரிகள் பார்க்கும் கடைசி முழு டேர்ம் மதிப்பெண் இந்த ஸ்பிரிங்கினுடையதுதான். பரிந்துரைக் கடிதம் கேட்க வேண்டிய ஆசிரியர்களும் இப்போது உனக்குப் பாடம் எடுப்பவர்களே. மே மாதம் விடுதியைக் காலி செய்வதற்குள் நேரில் போய்க் கேட்டுவிடு.

கோடைகால இன்டர்ன்ஷிப் பற்றி ஒன்று. எச்-4 பிள்ளைகள் இங்கே சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. எச்-4 வேலை அனுமதி என்று கேள்விப்பட்டிருப்பாய், 2015இல் வந்த அந்த அனுமதி வாழ்க்கைத் துணைகளில் சிலருக்கு மட்டும். பல கோடைத் திட்டங்கள் குடியுரிமையோ கிரீன் கார்டோ இருப்பவர்களை மட்டுமே எடுக்கின்றன. தகுதிப் பகுதியை முதலில் படித்துவிட்டுப் பிறகு கட்டுரை எழுத உட்கார். உதவித்தொகை தருகிறோம் என்றால், ஒப்புக்கொள்ளும் முன் அப்பாவின் கம்பெனி வழக்கறிஞரிடம் கேட்கச் சொல். நான் இரண்டு வாரம் உட்கார்ந்து கட்டுரை எழுதி, கடைசிப் பக்கத்தில் அந்த ஒரு வரியைப் பார்த்து அழுதிருக்கிறேன்.

இதையெல்லாம் விட முக்கியமானது ஒன்று இருக்கிறது. ஏப்ரலில் ஒரு புதன்கிழமை, வரலாற்றுக் கட்டுரையும் இயற்பியல் லேப் ரிப்போர்ட்டும் மறுநாள் காலையில் ஒன்றாகக் கொடுக்க வேண்டும். பன்னிரண்டு மணிக்கு அறையில் விளக்கை அணைக்க வேண்டும் என்பதால் துணி துவைக்கும் அறைக்குப் போனேன். அங்கே இரவு முழுக்க விளக்கு எரியும். யாருடைய துணியோ உலர்ந்துகொண்டிருந்தது. டிரையரின் சூடு முதுகுக்கு இதமாக இருக்க, அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டேன். விடியற்காலை ஐந்து மணிக்கு ஹால் அட்வைசர் எழுப்பினார். கட்டுரையில் ஒன்றரைப் பக்கம் முடிந்திருந்தது.

வரலாற்று ஆசிரியரிடம் போய் நின்றேன், திட்டுவார் என்று. "திங்கட்கிழமை என்னிடம் ஏன் சொல்லவில்லை?" என்று மட்டும் கேட்டார். இரண்டு நாள் முன்னதாகச் சொன்னால் தள்ளிக் கொடுக்கலாம் என்று பாடத்திட்டத் தாளின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தார். அதை நான் படித்தும் இருந்தேன். ஆனால் ஆசிரியரிடம் அவகாசம் கேட்பது, "எனக்குப் படிப்பு வராது" என்று ஒப்புக்கொள்வதற்குச் சமம் என்றுதான் நாம் வளர்ந்திருக்கிறோம். இங்கே, முன்னால் வந்து கேட்பவனைப் பொறுப்பானவன் என்று பார்க்கிறார்கள், கடைசி நேரம் வரை வாயைத் திறக்காதவனைத்தான் குறைவாக மதிக்கிறார்கள். அன்று மாலை என் வாழ்க்கையில் முதல் முறையாக ஆசிரியருக்கு மின்னஞ்சல் எழுதினேன். நான்கு வரி எழுத முக்கால் மணி நேரம் ஆயிற்று. இப்போது என்னிடம் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு அதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறேன்.

அந்த மார்ச் விடுமுறையில் என்னை அழைத்துப்போன தோழியின் வீடு ஒரு சோளப் பண்ணை. இன்னும் விதைக்கவில்லை, கண்ணுக்கெட்டிய தூரம் கறுப்பு மண். முதல் நாள் இரவு அவளுடைய அப்பா சாப்பாட்டு மேசையில் என் அப்பாவின் எண்ணை வாங்கிக் கூப்பிட்டார். தமிழே தெரியாத அவரும், தயங்கித் தயங்கி ஆங்கிலம் பேசும் அப்பாவும் அரை மணி நேரம் பேசினார்கள். மழை பற்றியும் மண் பற்றியும்தான் பேச்சு, அப்பா விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. அடுத்த மாதமே அப்பா ஓட்டுநர் உரிமத் தேர்வு எழுதினார். மே மாதம் விடுதியைக் காலி செய்த அன்று, பழைய கார் ஒன்றை அவரே ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். பக்கத்தில் அம்மா, மடியில் அந்தக் குடும்பத்துக்கு என்று ஒரு டப்பா முறுக்கு.

உன் பள்ளி நாள்காட்டியில் விடுதி மூடும் தேதியைப் பார்த்துவிட்டு எழுது. போக இடம் இல்லை என்றால் அதையும் எழுது.